பூட்டுப் போட்ட காற்று

"அஞ்சு மடங்கு, அஞ்சு மடங்குன்னு தெருவெல்லாம் தம்பட்டம் அடிச்சீங்களே, எங்க—"

"அஞ்சு மடங்குதான்டி! ஒரு யூனிட் கரண்டு உள்ள போனா அஞ்சு யூனிட் சூடு—"

"—எங்க அந்தச் சூடு? கால வச்சா விறைக்குது!"

"—வெளிய வரும்னு புத்தகத்துலயே போட்டிருக்கான். என்னைப் பேச விடு முதல்ல."

"அந்தப் புத்தகத்தக் கொளுத்தித் தண்ணிக்கு அடியில வைங்க. அதுலயாவது கொஞ்சம் சூடேறுதான்னு பாப்போம்."

நீச்சல் டீச்சர் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு குளத்தின் விளிம்பில் நின்று கணவரை முறைத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றதும், வீட்டுக்குப் பின்னால் அவர் ஆசை ஆசையாய்க் கட்டிய குளம் அது. இப்போது வருகிறவர்கள் எல்லாம் மூட்டு வலிக்காரப் பெண்கள். முட்டிப் படை என்று டீச்சரே பெயர் வைத்திருந்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் அந்த முட்டிகள் மடங்கும். இல்லாவிட்டால் வாய் மட்டும்தான் வேலை செய்யும்.

அந்த வாய்கள்தான் அன்று காலை ஒன்றுகூடித் தீர்ப்புச் சொல்லியிருந்தன. "நாளைக்கு ஒரு நாள்தான் பாப்போம் டீச்சர். அப்பவும் இப்படியே இருந்தா ஓட்டல் குளத்துக்குப் போயிடுவோம். கோவிச்சுக்காதீங்க." சொன்னது தையல்காரம்மா, படைத்தலைவி.

அவர்கள் போய்விட்டால் டீச்சருக்கு மிஞ்சுவது ஒரு குளமும் ஒரு கணவரும்தான். இரண்டில் குளமாவது சொன்னால் கேட்டுக்கொள்ளும்.

கணவர் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். கண்ணில் பட்டதை எல்லாம் பூட்டி வைக்கிற கை. சர்க்கரை டப்பாவுக்குக்கூடப் பூட்டு. குளத்து நீரைச் சூடாக்குகிற ஹீட் பம்ப் வந்து இறங்கியதும் வெயில் படும், மழை படும், பல்லி போகும் என்று அதைச் சுற்றி நாலு சுவர் எழுப்பி, மேலே கூரை போட்டு, இரும்புக் கதவும் மாட்டிவிட்டார். ஜன்னல் கிடையாது. சாவி அவர் கழுத்தில்.

"உன்னோட மல்லுக்கட்ட என்னால முடியாது. நான் போய் மிஷினைப் பாத்துக்கறேன்" என்று கிளம்பினார்.

தினமும் சாப்பிட்ட கையோடு போய்விடுவார். பொழுது சாயத்தான் திரும்புவார். பெற்ற பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அவர் இப்படிக் காவல் கிடந்ததில்லை.

மறந்துபோன கண்ணாடியை எடுக்க வந்த தையல்காரம்மா, "மிஷின் போட்ட மெக்கானிக்கையே கேட்டுடுங்களேன் டீச்சர்" என்றாள். டீச்சர் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"ரூம் இன்னும் இருக்கா அம்மா?" என்றான் மெக்கானிக், எடுத்த எடுப்பில்.

"இருக்கே. ஏன்?"

"போச்சு. அம்மா, அது அடுப்பு மாதிரி சூட்டை உண்டாக்கறதில்ல. காத்துல இருக்கற சூட்டைப் புடிச்சுத் தண்ணிக்குள்ள தள்ளுது. அந்த வேலைக்குத்தான் கரண்டு. அதனாலதான் ஒண்ணுக்கு அஞ்சு. சூட்டைப் பறிகொடுத்த காத்து ஜில்லுன்னு வெளிய வரும். ரூமுக்குள்ள அடைச்சா அந்த ஜில்லுக் காத்தையே திரும்ப இழுக்கும். அதுல புடிக்க என்ன சூடு இருக்கு? அஞ்சு எங்க, ரெண்டுகூடத் தேறாது. மிஷின் முதுகுல பனி படிஞ்சிருக்கும், போய்ப் பாருங்க."

"இதை அவர்கிட்ட சொல்லலையா நீ?"

"கதவு மாட்டின அன்னைக்கே சொன்னேனே! தெரியும், நீ உன் வேலையப் பாருன்னாரு."

டீச்சர் போனை வைத்தார். இருவரும் கொல்லைப்பக்கம் நடந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. இரும்புக் கதவு உள்பக்கம் தாழிடாமல் வெறுமனே சாத்தியிருந்தது.

திறந்ததும் முகத்தில் குளிர் அறைந்தது. மெக்கானிக் சொன்னபடியே மிஷினின் முதுகில் வெள்ளை வெளேரென்று பனி. அதன் எதிரே ஒரு மடக்குக் கட்டில். கட்டிலில் ஸ்வெட்டர், காதுவரை குல்லா, கழுத்துவரை கம்பளி. நடுவில் குறட்டை.

"ஏங்க!"

குறட்டை நின்றது. ஒரு கண் திறந்தது.

"காவல் இருக்கேன்."

"குல்லா போட்டுக்கிட்டா?"

"அண்ணே, மெக்கானிக் எல்லாத்தையும் சொல்லிட்டாரு" என்றாள் தையல்காரம்மா. கதவை விட்டு அவள் நகரவில்லை. குளிர் அவளுக்கும் சுகமாகத்தான் இருந்தது.

"எங்க மூட்டுச் சூட்டையெல்லாம் திருடி வச்சுக்கிட்டு இங்க சொகுசா?" என்றார் டீச்சர். "தெரிஞ்சேதானே செஞ்சீங்க?"

"சுவர் வைக்கும்போது தெரியாது" என்றார் ஸ்டோர்கீப்பர், குல்லாவைச் சரிசெய்தபடி. "தெரிஞ்சப்போ தூக்கம் பழகிடுச்சு. இந்த வெயிலுக்கு இந்த வீட்டுல மனுஷன் படுக்க வேற இடம் எங்க இருக்கு, சொல்லு?"

"நாளைக்கு என் படை ஓட்டலுக்குப் போயிடும்."

"போனா அமைதியா இருக்கும்."

டீச்சர் தையல்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். தையல்காரம்மா கதவை விட்டு நகர்ந்து போனை எடுத்தாள். அவள் மருமகன் கொத்தனார், பக்கத்துத் தெருவில் வேலை. மாமியார் கூப்பிட்டால் கலவை காய்ந்தாலும் வந்துவிடுவான். சம்மட்டியும் கடப்பாரையுமாக வந்து நின்றான். சேதி எட்டி, முட்டிப் படையும் நொண்டி நொண்டி வந்து குளத்தைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தது. ஸ்டோர்கீப்பர் கட்டிலைவிட்டு இறங்க மறுத்தார். கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"அம்மா, இடிக்கட்டுமா?" என்று வெளியிலிருந்து கேட்டான் மருமகன்.

டீச்சர் குனிந்து, காது இருக்குமிடம் எது என்று கம்பளிக்கு மேலேயே குல்லாவைத் தடவிப் பார்த்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"கட்டிலோட சேந்து நீங்களும் வெளிய வரீங்களா, இல்ல கட்டில் மட்டும் வரட்டுமா?"