நாற்பத்திரண்டு தப்படி

ஊரே அவனைப் புயல் என்றுதான் கூப்பிட்டது. பதினாறு வருடம் பந்தயக் கார் ஓட்டிப் பேர் வாங்கியவன். இடுப்பு மக்கர் பண்ண ஆரம்பித்த பிறகு, அதே பந்தயத் தடத்தில் சனிக்கிழமைதோறும் சாதாரண ஜனங்களுக்குப் பாடம் எடுத்தான். எல்லோருக்கும் முதல் பாடம் ஒன்றே ஒன்று: பிரேக்கை முழுசாக மிதிப்பது. சிரிக்காதீர்கள். பாதிப் பேர் வாழ்நாளில் ஒரு தடவைகூட அப்படி மிதித்ததில்லை. ஆபத்து வந்தால் பெடலைத் தடவிக்கொடுத்துக்கொண்டே போய் முட்டுவார்கள்.

இன்று செவ்வாய்க்கிழமை. தடத்தில் ஈ காக்கை இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தவள் அவன் தங்கை.

அவள் புருஷன் போய் எட்டு மாதம். காலையில் வேலைக்குப் போகிற வழியில், குறுக்கே திரும்பிய லாரியில் மோதி அங்கேயே முடிந்துவிட்டது. இரண்டு பிள்ளைகள். பள்ளி வேன் ஓட்டும் வேலை அவளுக்குக் கிடைக்கிற மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை ஓட்டிக் காட்ட வேண்டும். "நீதான் சொல்லிக்குடுக்கணும்ணா" என்று அவள் வந்து நின்றாள். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வான்? கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாத தனிக்கட்டை. அவளும் அந்தப் பிள்ளைகளும்தான் அவனுக்கு மிச்சம். ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு சாப்பிடுகிற ஒரு வேளைக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தான்.

விஷயம் என்னவென்றால், மாப்பிள்ளைக்குக் கார் சொல்லிக்கொடுத்ததும் இந்த மகராசன்தான். "மச்சான், ரேஸ்காரங்க மாதிரி ஓட்டணும்" என்று அந்த அப்பாவி மனுஷன் வாயெல்லாம் பல்லாக வந்து நிற்பார். புயல் என்ன செய்தான்? டேஷ்போர்டில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, சிந்தாமல் ஓட்டு என்றான். கொஞ்சம் குலுங்கினாலும், "என்ன மாப்ள, காரா ஓட்டுறீங்க, குதிரையா?" என்று மானத்தை வாங்கினான். அவரும் வெறி பிடித்த மாதிரி பழகி, ஒரு சொட்டுச் சிந்தாமல் நிறுத்தக் கற்றுக்கொண்டார். முழு பிரேக் பாடத்தை அவருக்கு அவன் எடுக்கவே இல்லை.

சாவு வீட்டில் தங்கையைக் கட்டிக்கொண்டு, "நானே ஓட்டியிருந்தாலும் நிறுத்தியிருக்க முடியாதும்மா" என்றான். பச்சைப் பொய். பக்கத்துக் கடைக் கேமராவில் பதிவானதைக் காவல் நிலையத்தில் அவனுக்குக் காட்டியிருந்தார்கள். பிரேக் விளக்கு எரிந்த இடத்துக்கும் லாரிக்கும் நடுவே நாற்பது மீட்டர் இருந்தது. அவர் பதமாக, அழகாக நிறுத்தப் பார்த்திருக்கிறார்.

"எண்பது வந்ததும், அந்த வெள்ளைக் கோட்டுல மிதி. வண்டி உடைஞ்சாலும் பரவாயில்லன்னு மிதி" என்றான்.

முதல் இரண்டு தடவை பயந்து பயந்து மிதித்தாள். மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். பெல்ட் மார்பை அறுத்தது, பெடல் அவள் காலடியில் கடகடவென்று அதிர்ந்தது, கார் நின்றது.

அவள் சிரிக்கவில்லை. இறங்கிக் கோட்டுக்குப் போனாள். அங்கிருந்து தப்படி வைத்து எண்ணிக்கொண்டே வந்தாள். அவள் உதடு அசைவதை அவன் பின்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாப்பத்திரெண்டு" என்றாள். ஏறி உட்கார்ந்தாள். "அங்க அம்பத்தேழு இருந்துச்சு."

"எங்க?"

"எங்கயா? பிரேக் லைட்டு எரிஞ்ச இடத்துக்கும் லாரிக்கும் நடுவுல. எனக்கும் அந்தக் கேமரா படத்தக் காட்டினாங்க. நானே போய் எண்ணிப் பார்த்துட்டு வந்தேன். அவர் போனதும் எண்பதுலதான்." அவனைப் பார்க்காமலே கேட்டாள்: "நேத்து வரைக்கும் இப்படி மிதிக்கணும்னே எனக்குத் தெரியாது. மூணாவது தடவையில வந்துருச்சு. அவருக்கு ஏண்ணா சொல்லிக்குடுக்கல?"

அவன் பொய்யைத் தேடினான். அகப்படவில்லை.

"கேட்டாரும்மா. ரெண்டு மூணு தடவ கேட்டாரு. கிளாஸுக்கு வேற வண்டி. அவருக்குச் சொல்லிக்குடுத்தது என் சொந்த வண்டியில. அப்பதான் புது டயர் போட்டிருந்தேன். ஓங்கி மிதிச்சா தேஞ்சு போயிடும்னு..."

அவள் அழுவாள், அறைவாள் என்று நினைத்தான். இரண்டும் நடக்கவில்லை. "டயரு" என்றாள், தனக்குத்தானே. அவமானம் தாங்காமல் அவன் கதவைத் திறந்தான்.

"எங்க போற? உக்காரு."

உட்கார்ந்தான்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் சொல்லிக்குடு. எனக்கு வேற நாதியில்ல, அந்த வேலை எனக்கு வேணும். அதுக்கப்புறம் வீட்டுப் பக்கம் வராத. பிள்ளைங்க மாமா எங்கன்னு கேட்டா, நான் ஏதாவது சொல்லிக்கிறேன்."

"அம்மாடி..."

"பேசாத. எப்ப மிதிக்கணும்னு மட்டும் சொல்லு."

காரைத் திருப்பிக் கொண்டுபோனாள். அன்று இன்னும் பன்னிரண்டு தடவை ஓட்டினாள். ஒவ்வொரு தடவையும் கார் நின்றது.