துவைத்துக் காயப்போட்ட உடுப்பு

விடிந்தும் விடியாத நேரத்தில் நெட்டையக்கா பாதிக் கட்டுக் குழாய்களைத் துரு நீக்கும் ஆசிட் தொட்டியோரம் இழுத்துச் சேர்த்துவிட்டாள். துருப்பிடித்த இரும்பு, இரவெல்லாம் பனியில் கிடந்தது. அந்தக் குளிர் அவளுக்குத் தோளில்தான் தெரிந்தது. விரல் நுனிகள் மரத்துப்போய் இரண்டு வருடமாகிறது. தேநீர் சுடுகிறதா என்பதைக்கூட உதட்டில் வைத்துத்தான் பார்ப்பாள்.

மேஸ்திரி வந்தார்.

"இன்னிக்கு ஆசிட் தொட்டி உனக்கு. உடுப்பு கொடியில காயுது, எடுத்து மாட்டிக்க."

கொடியில் தொங்கியது அதே தொட்டியில் வேலை பார்த்த அவள் நாத்தனாரின் வெள்ளைப் பாதுகாப்பு உடுப்பு. முதலாளிக்குப் பெரிய மனது, துவைக்கச் சொல்லியிருந்தார். இடது காலில் மட்டும் பழுப்புக் கறை போகவில்லை.

முந்தாநாள் குழாய் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. தெறித்த அமிலம் நாத்தனாரின் தொடையில் பட்டு, உடுப்பை நனைத்து, காலோடு வழிந்து நேராக ரப்பர் பூட்ஸுக்குள் இறங்கியது. கால்சட்டை விளிம்பு பூட்ஸுக்குள் செருகியிருந்தது. அன்று காலை, "தரையில இழுபடுது பாரு" என்று குனிந்து செருகிவிட்டவள் நெட்டையக்காதான். அங்கே எல்லோரும் அப்படித்தான் செருகிக்கொள்வார்கள். வெளியே விட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

"அண்ணி, நான் மறுபடி நடப்பேனா?" என்று ஆஸ்பத்திரியில் நாத்தனார் கேட்டாள். நெட்டையக்கா போர்வையைச் சரிசெய்தாள். அழுகை வரவில்லை. விரலைப்போல மனசும் மரத்துவிட்டதோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் ஃபிட்டர் அண்ணன், தூக்குச்சட்டி வைக்கும் அட்டைப்பெட்டியைப் புரட்டினார். உடுப்பு வந்த பெட்டி அது. பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார்: தூசிக்கு மட்டும். ஒருமுறை உடுத்தி எறிந்துவிடவும். இரண்டு வருடமாக அதன்மேல்தான் சோற்றை வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

கொடியிலிருந்து உடுப்பை உருவிக்கொண்டு நெட்டையக்கா முதலாளி அறைக்கு நடந்தாள். ஃபிட்டர் அண்ணன் ஒரு சின்னப் புட்டியில் தொட்டி அமிலத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். மற்ற ஒன்பது பேரும் வாசலை அடைத்து நின்றார்கள்.

"என்ன கூட்டம்? அந்தப் பொண்ணு விஷயமா? கால்சட்டையை பூட்ஸுக்குள்ள செருகினா அமிலம் வேற எங்க போகும்? அவ தப்பு அது" என்றார் முதலாளி.

"செருகினது நான் சார். அந்தத் தப்பு என்னோடதுதான், சாகுற வரைக்கும் மறக்காது. ஆனா தொடை எப்படி வெந்துச்சு? தொடையையுமா பூட்ஸுக்குள்ள செருகினேன்?"

அவள் உடுப்பின் கையை மேசைமேல் விரித்தாள். ஃபிட்டர் அண்ணன் புட்டியைச் சாய்த்தார்.

"டேய், டேபிள்! டேபிள் போயிடும், எடு!"

"உடுப்பு இருக்கே சார், தாங்கும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள் நெட்டையக்கா.

அவள் எண்ணினாள். ஐந்து எண்ணுவதற்குள் துணி நனைந்துவிட்டது. தூக்கிப் பார்த்தால், பளபளப்பான மேசையில் வெளிறிய தழும்பு.

"ஆசிட்டுக்குன்னே செஞ்ச உடுப்பு வேணும் சார். முழங்கை வரைக்கும் கையுறை, பூட்ஸுக்கு மேல விழுற கால்சட்டை. எப்படிப் போடணும்னு சொல்லித்தர ஒரு ஆளு. அதெல்லாம் வர்ற வரைக்கும் யாரும் தொட்டிகிட்டப் போகமாட்டோம்."

"நாளைக்கே வேற ஆளை இறக்குவேன்."

"இறக்குங்க. இந்தத் துணியையும் டேபிளையும் அவங்களுக்கும் காட்டுவோம்."

முதலாளி தொலைபேசியை எடுத்தார். யாரைக் கூப்பிட்டாரோ தெரியாது. அவர்கள் வெளியே வந்து தொட்டிக் கொட்டகை வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். உடுப்பு திரும்பக் கொடிக்கே போனது, கறை வெளியே தெரியும்படி. சங்கு ஊதியது. யாரும் எழவில்லை. மேஸ்திரி இரண்டு முறை எண்ணிப் பார்த்தார், பதினோரு பேர்தான்.

வெயில் ஏறியது. நெட்டையக்கா தன் மடியைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பெண் அவள் விரல்களை இறுகப் பிடித்திருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். பிடித்திருந்த கையை அவளும் தன் கண் பார்க்கப் பார்க்க இறுக்கினாள்.