ஒத்தைச் சாவி

காற்றுப் பையைக் கதவு இடுக்கில் செருகிவிட்டு விக்னேஷ்குமார் பம்பை அமுக்க ஆரம்பித்தான். அமுக்க அமுக்கக் கார்க் கதவின் மேல்விளிம்பு ஒரு விரல்கடை விலகிக் கொடுத்தது. அந்தச் சந்து வழியாக நீளக் கம்பியை உள்ளே விட்டு, பூட்டுப் பொத்தானைத் துழாவினான். பக்கத்தில் நின்ற தங்கச்சாமி கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்து, சீட்டு, கீழே விரிப்பு, சாவி போடுகிற துவாரம் என்று பத்தாவது தடவையாகப் பார்த்தான். கண்ணாடிக்குக் கருப்புத் தாள் வேறு ஒட்டித் தொலைத்திருந்தது. ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

"தள்ளி நில்லுங்க அண்ணாச்சி. கம்பி தெறிச்சா கண்ணுல அடிச்சிரும்."

"உள்ள சாவி கெடக்குதான்னு மொதல்ல பாருங்க தம்பி."

"தொறந்தாத்தான பாக்க முடியும்."

பட்டாசுக் கம்பெனி கேட்டுக்கு முன்னால் நின்ற அந்தக் கார் தங்கச்சாமியின் அண்ணன் சோலைமலையுடையது. நேற்றுக் காலை பத்தரை மணிக்கு இந்தப் பட்டாசுக் கம்பெனியின் ஒன்பதாம் நம்பர் ரூம் வெடித்தது. வெடிமருந்து அடைக்கிற ரூம். உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்த மூன்று பெண்களும், அவர்களைப் பார்க்கப் போன ஃபோர்மேன் சோலைமலையும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டக் கூப்பிட்டபோது, இடது கால் பெருவிரல் நகத்தைப் பார்த்துத்தான் தங்கச்சாமி ஆமாம் என்று சொன்னான். உடம்பில் பொட்டுத் துணி இல்லை. பையில் இருந்தது இல்லாதது எதுவும் யாருக்கும் தெரியாது.

புகை அடங்குவதற்குள் கம்பெனி மேனேஜர் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஃபோர்மேன் காரின் ரிமோட் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மருந்து ரூமுக்குள் போயிருக்கிறார், அது கீழே விழுந்து உரசித்தான் தீப்பிடித்தது என்றார். பட்டாசுக் கம்பெனிக்குள் இரும்பும் பேட்டரியும் போகக் கூடாது. அதற்கென்று கேட்டில் ஒரு பலகை, வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஆணி நம்பர். செல்போனைப் பெட்டியில் போட்டு, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் எவரும் உள்ளே நுழைய வேண்டும். சோலைமலையின் நாலாம் நம்பர் ஆணியில் நேற்றுச் சாவி தொங்கவில்லை என்று வாட்ச்மேனும் சொல்லிவிட்டார். ரெண்டு பேர் இருக்க வேண்டிய ரூமில் ஆர்டர் அவசரத்துக்கு மூணு பேரை உட்காரவைத்த கம்பெனிக்கு அது போதாதா? பொழுது சாய்வதற்குள் வாட்ஸ்அப்பில் ஊர் பூராவும் தெரிந்துபோயிற்று.

செத்த மூணு பெண்களும் அண்ணன் தெருக்காரர்கள். துக்கத்துக்கு வந்த சனம் மூணு வீட்டுக்கும் போனது. நாலாவது வீட்டை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கடந்து போனது. உள்ளே மதினி யோகலட்சுமி சுவரில் சாய்ந்து தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"கொழுந்தனாரே, உங்க அண்ணன் இருபத்திரெண்டு வருசமா மருந்துல நிக்கிறவுக. சாவியோட உள்ள போவாகளா? வண்டிக்குள்ளதான் வச்சிட்டுப் போயிருப்பாக. அந்த வண்டிதான் ஒருக்கா தானாப் பூட்டிக்கிச்சே, நீங்களும் பாத்தீகள்ல? போயி எடுத்துட்டு வாங்க. இந்தத் தெருவுக்கே நான் அதைக் காட்டணும். இல்லைன்னா அவுகளத் தூக்க நாலு ஆளு வராது."

அண்ணனின் ஆதார் அட்டையும் காரில்தான் கிடந்தது, உடம்பைக் கொடுக்க ஆஸ்பத்திரியில் அதைக் கேட்டார்கள். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு தங்கச்சாமி விடிந்ததும் கிளம்பினான். மதினி முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டினான். வாயைத் திறந்தால் எது வரும் என்று அவனுக்குத்தான் தெரியும்.

வண்டிக்கு முன்பு ரெண்டு சாவி இருந்தது. போன ஆடியில் இருக்கன்குடிக் கோயிலுக்குப் போக வண்டியை வாங்கிக்கொண்டு போன தங்கச்சாமி, ஆற்றில் குளிக்கும்போது வேட்டி மடிப்பில் இருந்த ஒன்றைத் தொலைத்துவிட்டான். அண்ணன் ஏசவில்லை. "சரி விடுலே, ஒரு டூப்ளிகேட் போட்டுக் குடு" என்றதோடு சரி. விருதுநகரில் விசாரித்து, கார்ச் சாவி போடுகிற இந்த விக்னேஷ்குமார் நம்பரையும் வாங்கிவிட்டான். அதற்குள் அவன் வேலை பார்க்கிற பிரஸ்ஸில் காலண்டர் சீசன் வந்தது. அது முடிந்ததும் கல்யாணப் பத்திரிகை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று எட்டு மாசம் ஓடிவிட்டது. இன்று காலையில் போன் போட்டபோது, "அண்ணாச்சி, ஆவணியில கேட்டீகளே, அந்த வண்டியா? இன்னுமா சாவி போடல?" என்றுதான் விக்னேஷ்குமார் எடுத்ததும் கேட்டான்.

நடுவில் ஒருநாள் கம்பெனி ஆள் எவனோ ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, சொல்லாமல் கொள்ளாமல் வண்டியைச் சாத்தூர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றோடு அண்ணன் ஆணியில் மாட்டுவதை நிறுத்தினார். "இருக்கிறது ஒத்தைச் சாவி. இதுவும் போச்சுன்னா வண்டியத் தள்ளிக்கிட்டுத்தாம்லே போகணும்" என்று டவுசர் பையைத் தட்டிக் காட்டினார். தை மாசம், இதே கேட்டுக்கு முன்னால். தங்கச்சாமி அதைக் கேட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைக்க நினைக்கத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் நேற்று ஒருநாள், ஒரே ஒருநாள், அண்ணன் அதை வண்டியில் போட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

கதவு திறந்ததும் வண்டி அலற ஆரம்பித்தது. வெடித்த இடத்தில் நின்ற போலீஸ்காரர்கள் ரெண்டு பேரும் துள்ளித் திரும்பினார்கள். விக்னேஷ்குமார் ஓடிப்போய் முன்மூடியைத் தூக்கி பேட்டரி வயரைப் பிடுங்கினான். தங்கச்சாமி அதற்குள் வண்டிக்குள் பாய்ந்துவிட்டான். சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவினான். விரிப்பை உருவி வெளியே போட்டான். டாஷ்போர்டில் ஆதார் அட்டை, ஒரு துண்டு, பாதி தின்ற கடலை மிட்டாய்ப் பாக்கெட். கதவுப் பைகளில் பெட்ரோல் பங்க் சீட்டுகள். பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தான். டிக்கியைப் பார்த்தான். மறுபடி முதலில் இருந்து பார்த்தான்.

விக்னேஷ்குமாரும் டார்ச் அடித்துத் தேடினான். நல்ல பையன், பத்து நிமிஷம் பொறுமையாகத் தேடினான்.

"இல்ல அண்ணாச்சி. உள்ள இல்ல."

தங்கச்சாமி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தன் ஆம்னி வேனுக்குள் இருந்த மிஷினில் விக்னேஷ்குமார் புதுச் சாவியை வெட்டினான். வெட்டிய சாவி கதவைத் திறந்தது, துவாரத்தில் திரும்பியது. ஆனால் வண்டி எடுக்கவில்லை. பேட்டரி வயரை மாட்டி, ஸ்டியரிங்குக்கு அடியில் கேபிளைச் செருகி, கையில் இருந்த ஸ்கேனரைத் தட்டினான்.

"வெட்டுனா மட்டும் போதாது அண்ணாச்சி. சாவிக்குள்ள சிப் இருக்குல்ல, அதை வண்டிக்குப் பழக்கணும்." திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ரெண்டு சாவி பதிஞ்சிருக்குன்னு காட்டுது. ரெண்டும் கையில இல்லைன்னா, பழசை அழிச்சிட்டுத்தான் புதுசை ஏத்த முடியும். அழிச்சிரவா?"

"அழிச்சா?"

"நாளைக்கே பழைய சாவி கெடச்சாலும், நீ யாருன்னு கேக்கும் வண்டி."

ஒன்று ஆற்றில் கிடக்கிறது. இன்னொன்று? தங்கச்சாமி ஒன்பதாம் நம்பர் இருந்த திசையைப் பார்த்தான். கரிந்த அஸ்திவாரமும் வளைந்த கதவு நிலையும்தான் மிச்சம். அந்த மண்ணுக்குள் எங்கேயோ அது உருகிக் கிடக்கும், சந்தேகமே இல்லை.

"அழிச்சிருங்க" என்றான். சொன்ன பிறகுதான் நேற்றிலிருந்து வராத அழுகை வந்தது. துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதான். விக்னேஷ்குமார் ஸ்கேனரில் இருந்து தலையைத் தூக்கவே இல்லை.

ஏழு நிமிஷத்தில் வண்டி உறுமியது. புதுச் சாவியைத் தங்கச்சாமி கையில் கொடுத்துவிட்டு அவன் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, மினி பஸ்ஸில் இருந்து இறங்கி ஒரு ஆள் வெயிலில் வந்தான். புகழேந்தி. செத்த நாகஜோதியின் புருஷன், லாரி ஆபீஸில் லோடுமேன். பெண்டாட்டியின் செல்போன் கேட்டில் இருக்கிற பெட்டியில் கிடக்கிறது என்று வாங்க வந்திருந்தான். நேற்று நடுத்தெருவில் நின்று சோலைமலை குடும்பம் விளங்காது, வேரோடு போகும் என்று மண்ணை வாரித் தூற்றியவன் அவன்தான். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

ஓடுகிற வண்டியைப் பார்த்தான். தங்கச்சாமி கையைப் பார்த்தான்.

"சாவி உள்ளயா இருந்துச்சு?"

தங்கச்சாமிக்கு மதினி முகம் ஞாபகத்துக்கு வந்தது. அண்ணனின் பெருவிரல் வந்தது.

"ஆமா. சீட்டுக்கு அடியில கெடந்துச்சு. வண்டி தானாப் பூட்டிக்கிச்சு. இவருதான் தொறந்து குடுத்தாரு."

கேபிள் சுற்றிய கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி சுற்றியது. "அப்ப நான் வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு விக்னேஷ்குமார் யார் முகத்தையும் பார்க்காமல் வேனில் ஏறிக் கிளம்பினான்.

புகழேந்தி சண்டைக்கு வருவான் என்று தங்கச்சாமி நினைத்தான். கொண்டா பார்ப்போம் என்று சாவியைப் பிடுங்குவான் என்றுகூட நினைத்தான். அவன் அப்படியே தரையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப எங்க வீட்டுக்காரி கையிலதான் தவறியிருக்கு" என்றான்.

"அப்படியெல்லாம் ஒண்ணும்..."

"இல்லைங்க. அவளுக்கு ரெண்டு நாளா காய்ச்சல். கை காலெல்லாம் நடுங்குது, இன்னிக்கு ஒரு நாள் போகலைன்னு சொன்னா. நான்தான், லீவு போட்டா மேனேஜர் கத்துவான்னு வெரட்டி அனுப்புனேன். காபி டம்ளரையே ரெண்டு கையாலதான் பிடிச்சுக் குடிச்சா." தொண்டையைக் காறிக்கொண்டான். "நடுங்குற கையோட மருந்துல உக்காந்திருக்கா. உங்க அண்ணன் அதைப் பாத்துட்டுத்தான் உள்ள போயிருப்பாக. எந்திரிம்மான்னு சொல்லத்தான் போயிருப்பாக. மகராசன், அந்த மனுசனைப் போயி என்னென்ன பேசிட்டேன்."

தங்கச்சாமி வாயைத் திறந்தான். இப்போது உண்மையைச் சொன்னால் அண்ணன் பேர் போய்விடும். சொல்லாவிட்டால் இவன் பெண்டாட்டி பேர் போய்விடும்.

"ஜி.எச். ஆஸ்பத்திரி வரைக்கும் என்னைய விட்டுருவீகளா?" என்று புகழேந்தி கேட்டான்.

பின்சீட்டில் உட்கார்ந்து, வழி நெடுகப் போனில் பேசிக்கொண்டே வந்தான். மற்ற ரெண்டு வீட்டுக்கும், வார்டு மெம்பருக்கும், மாமனாருக்கும்.

"சாவி வண்டியிலதான்யா இருந்துருக்கு. கண்ணால பாத்தேன்... ஃபோர்மேன் மேல பழி கெடையாது... எங்க வீட்டுக்காரிக்குக் காய்ச்சல்யா... ஆமா... ஆமா, அவதான். நீ என்னையத் திட்டு, வாங்கிக்கிடுதேன்..."

கடைசியாக மாமனாரிடம் சொன்னான். எதிர்முனையில் யாரோ அலறுவது முன்சீட்டு வரைக்கும் கேட்டது. தங்கச்சாமி ரெண்டு தடவை பிரேக்கை அமுக்கி வண்டியை ஓரம் கட்டப் போனான். ரெண்டு தடவையும் கட்டவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு ஆம்புலன்ஸுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவுக்குள் வந்தன. அண்ணன் வீட்டில் கால் வைக்க இடமில்லை. நேற்று எட்டிப் பார்க்காத பெண்களெல்லாம் யோகலட்சுமியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "தங்கமான மனுசனை எம்புட்டுப் பேச்சுப் பேசிட்டோம்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். பாடைத் தேர் கட்ட, குழி வெட்ட என்று கேட்காமலே ஆட்கள் வந்தார்கள். கூட்டத்துக்கு நடுவில் மதினி கொழுந்தனைத் தேடிப் பிடித்து, அவன் ரெண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நான் சொன்னேன்ல கொழுந்தனாரே" என்றாள். அதற்கு அப்புறம்தான் அவள் வாய்விட்டு அழுதாள்.

தங்கச்சாமியால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்தான்.

தெருக்கோடியில் புகழேந்தி வீடு. மூடிய உடம்பை வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் நாகஜோதியின் ஆத்தா மட்டும் உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டுப் பெண் யாருக்கோ கேட்கட்டும் என்று, "காய்ச்சக்காரி வீட்ல கெடக்க வேண்டியதுதான, மூணு உசுர கூட இழுத்துட்டுப் போகணுமா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். வாடகைக்கு இறக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள் பந்தல்காலுக்குப் பக்கத்தில் அடுக்கு அடுக்காக அப்படியே நின்றன. புகழேந்தி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றான்.

தங்கச்சாமி போய், அடுக்கில் இருந்து ஒரு நாற்காலியை உருவினான். ஒன்றோடு ஒன்று இறுகிப் போயிருந்தது, காலால் மிதித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. போட்டு உட்கார்ந்தான்.

"நீங்க எதுக்கு இங்கன?" என்றான் புகழேந்தி. "அங்கன போங்க. அண்ணனைத் தூக்குற நேரமாச்சுல்ல."

தங்கச்சாமி எழுந்திருக்கவில்லை. புகழேந்தி இன்னொரு நாற்காலியை உருவி, அவனுக்குப் பக்கத்தில் போட்டு, உட்காராமல் அதன் மேல் படிந்திருந்த தூசியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான்.