ஓரன் குரூப்பில் இல்லை

வெள்ளிக்கிழமை காலை, தோசைக்கல் காய்கிற நேரத்தில் போனை எடுத்துப் பார்த்த தாரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குரூப்பில் ஓரன் எழுதியிருந்தார்: "ஓரன் இன்னைக்குக் காலைல இறந்துட்டார். எல்லாருக்கும் சொல்லிடுங்க." அதற்குக் கீழே வசவுகள் மளமளவென்று விழுந்துகொண்டிருந்தன. துரோகி என்று ஒருவன். மூளை இருக்கா என்று இன்னொருத்தி. "நீயும் அவன்கூடவே போய்ச் சேரு" என்று மூன்றாவது ஆள், அதற்குச் சிரிக்கிற பொம்மைகள் ஏழெட்டு. தாரணி அட்மின். ஓரனின் பெயரை அழுத்தி, நீக்கு என்று கொடுத்து, போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு மாவைக் கரண்டியில் எடுத்தாள்.

வெளியில் இருப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். 'ஏழாம் துறை' ஒரு விண்வெளித் தொடர். பழைய கப்பல் ஒன்று, அதில் பதினைந்து பேர், சேர வேண்டிய கிரகம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதைத் தமிழ் டப்பிங்கில் பார்க்கும் பெங்களூர்க்காரர்கள் நூற்றுச் சொச்சம் பேர் சேர்ந்த வாட்ஸப் குரூப் அது. ஐடி ஆட்கள், நர்சுகள், பொம்மசந்திரா ஃபேக்டரிகளில் ஷிப்ட் பார்க்கிறவர்கள் என்று கலந்துகட்டி இருந்தார்கள். புது எபிசோட் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வந்துவிடும். ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்து பார்க்கிறவனுக்கு ஞாயிறு மதியம் ஆகும். அதனால் ஞாயிறு சாயங்காலம் வரை கதையைப் பற்றி யாரும் மூச்சு விடக்கூடாது. விட்டால் வெளியே. விளக்கம் கேட்பது கிடையாது. இந்தச் சட்டத்தைப் போட்டவரே ஓரன்தான். அதுதான் தாரணிக்கு ஆறவில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. சொந்தப் பெயர் கூடாது, ஆளுக்கொரு பாத்திரத்தின் பெயர். தாரணி 'சில்', கப்பலுக்கு வழி காட்டுகிறவள். ஓரன் என்பது இன்ஜின் அறையில் இருக்கும் கிழட்டு மெக்கானிக். "ஸ்கூல் போட்டோ, கல்யாண போட்டோ எல்லாத்துலயும் நான் ஓரமாத்தான் நிப்பேன். இந்தப் பேரை எனக்கு விட்டுடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டார் அவர். மூன்று வருஷமாகத் தாரணி அவரோடு தினமும் சண்டை போட்டிருக்கிறாள். இரண்டாவது சீசனைக் கெடுத்தது டைரக்டரா எழுதினவரா என்ற சண்டை மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்க நடந்தது. திருவண்ணாமலையிலிருந்து வந்து இந்த ஊரில் அவள் அதிகம் பேசிய ஆள் அவர்தான். ஆனால் பெயர் தெரியாது, வயது தெரியாது, எந்த ஏரியா என்றும் கேட்டதில்லை.

அந்த வாரம் முழுக்கக் குரூப்பில் ஒரே பேச்சு. ஓரனாக நடிக்கிறவர் வேறு படத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம், ஆகவே இந்த எபிசோடில் ஓரனைக் கொன்றுவிடுவார்கள் என்று எங்கிருந்தோ ஒரு செய்தி. ட்ரெய்லரில் இரண்டு நொடி வந்த ஒரு சவப்பெட்டியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். "என்னைக் கொன்னா நான் சும்மா விடமாட்டேன்" என்று ஓரனே வியாழக்கிழமை எழுதியிருந்தார். அப்படி எழுதிவிட்டு விடிந்ததும் பார்த்து, எல்லோருக்கும் முன்னால் போட்டு உடைத்திருக்கிறார். எவ்வளவு கொழுப்பு இருக்க வேண்டும்.

சனிக்கிழமை அவர் நம்பரிலிருந்து தனியாக ஒரு மெசேஜ் வந்தது. மன்னிப்புக் கேட்க வருகிறார், நன்றாகக் காயட்டும் என்று தாரணி அதைத் திறக்கவே இல்லை. துணி துவைத்தாள், சம்பிகே ரோட்டில் காய்கறி வாங்கினாள். ஞாயிறு மதியம் எபிசோடைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது, எப்படியும் சாகப்போகிறவன்தானே என்று முதல் காட்சியிலிருந்தே கண் கலங்கியது. ஓரன் சாகவில்லை. எபிசோட் முழுக்க இன்ஜினுக்கு அடியில் படுத்துக்கொண்டு எல்லோரையும் திட்டினான், கடைசியில் முகமெல்லாம் கரியோடு வெளியே வந்து சூப் கேட்டான். சவப்பெட்டியில் இருந்தது உதிரி பாகங்கள்.

தாரணி வாய்விட்டுச் சிரித்தாள். அட மனுஷா, நூறு பேரை இப்படி ஏமாற்றலாமா. தூக்கினதற்குச் சாரி சொல்லிவிட வேண்டும் என்று அந்தச் சிரிப்போடுதான் அவருடைய மெசேஜைத் திறந்தாள்.

"சிஸ்டர், நான் ஓரனோட ஒய்ஃப் ஐரின். இவர் வெள்ளிக்கிழமை காலைல தூக்கத்துலயே போயிட்டார். இன்னைக்கு நாலு மணிக்கு அடக்கம். எனக்கு எதாச்சும் ஆனா குரூப்புக்குச் சொல்லிடுன்னு எப்பவும் சொல்வார், அதான் சொன்னேன். எல்லாரும் கோவமா இருக்கீங்க. அவர் எதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க." கீழே அல்சூர் ஜோகுபாளையத்து விலாசம்.

இன்றைக்கு என்றால் நேற்று. அடக்கம் முடிந்து போயிற்று. தாரணி அழவில்லை. முகம் கழுவி, கையில் அகப்பட்ட சுடிதாரை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி அல்சூரில் இறங்கும் வரை, என்ன சொல்வது என்று ஒரு வாக்கியம் கூட அமையவில்லை.

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இன்னும் அடுக்கியபடி இருந்தன. உள்ளே மெழுகுவர்த்தி, மாலை போட்ட போட்டோ. வழுக்கை விழுந்த, ஒல்லியான, சிரிக்காத ஒரு மனிதர். டொமினிக் என்று எழுதியிருந்தது. ஐரினுக்கு ஐம்பது வயது இருக்கும். பக்கத்தில் யாரோ தட்டில் வைத்துவிட்டுப் போன இட்லி ஆறிக் கிடந்தது.

"நான் தாரணி, அக்கா. அந்த குரூப்ல... நான்தான் சில்."

ஐரின் நிமிர்ந்து பார்த்தார். "நீங்களா. சில் இன்னைக்கு என்கூட சண்டை போட்டுச்சுன்னு சாப்பிடறப்போ சொல்வாரு. நான் ஆம்பளைன்னு நெனச்சேன்." நாற்காலியைக் காட்டினார். "எதுக்கும்மா அவ்ளோ திட்டினீங்க? சும்மா யாரையும் ஒரு வார்த்த சொல்ல மாட்டாரே அவரு."

தாரணி சொன்னாள். கதை, கப்பல், வெள்ளிக்கிழமை, ஞாயிறு சாயங்காலம், ஓரன் என்று ஒரு பாத்திரம் இருப்பது. சொல்லச் சொல்லத் தன் காதுக்கே அசிங்கமாக இருந்தது. ஒரு மனிதர் செத்துக் கிடக்கும்போது, கதையை முன்னாலேயே சொல்லிவிட்டார் என்று அவருடைய மனைவியை வெளியே தள்ளியிருக்கிறார்கள்.

"டொமினிக்னு போட்டா உங்களுக்கு யாருன்னு தெரியாது. எல்லாரும் ஓரன் ஓரன்னுதான் கூப்பிட்டிருந்தீங்க. அதான் அந்தப் பேரையே போட்டேன்" என்றார் ஐரின். பிறகு போட்டோ பக்கம் திரும்பினார். "அப்போ அவரை யாருக்கும் புடிக்காம இல்ல?"

"ஐயோ, இல்லக்கா. அவர் இல்லாம அந்த குரூப்பே கெடையாது."

"இந்த ரெண்டு நாளா எனக்கு அதேதான் ஓடிட்டிருந்துச்சு. பொட்டியில வெக்கறப்போ கூட. இவ்ளோ பேர் வெறுக்கற மாதிரி இந்த ஆளு என்ன பண்ணாருன்னு."

தாரணியால் தாங்க முடியவில்லை. அப்போதுதான் உடைந்து அழுதாள். ஐரின் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார், அது இன்னும் கேவலமாக இருந்தது. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "திரும்பச் சேர்த்துடறேன்க்கா. நானே எல்லாருக்கும் விஷயத்தைச் சொல்லிடறேன்" என்றாள்.

சேர்த்தாள். மேஜை மேல் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் இருந்த டொமினிக்கின் போன் ஒரு தடவை அதிர்ந்தது. ஐரின் அதைக் கையில் எடுத்துக்கொண்டார். தாரணி தன் போனில் எழுத ஆரம்பித்தாள். நண்பர்களே என்று போட்டாள், அழித்தாள். ஓரன் என்று போட்டாள், அதையும் அழித்தாள். அந்தப் பெயரை எழுதினால் இந்தத் தடவையும் கதை என்றுதான் நினைப்பார்கள். நம் ஓரனின் உண்மைப் பெயர் டொமினிக் என்று தொடங்கி, அவர் வெள்ளிக்கிழமை இறந்துவிட்டார் என்பது வரை ஒருவழியாக எழுதி முடித்தாள்.

அதற்குள் ஐரினின் கையில் போன் விடாமல் அதிர ஆரம்பித்திருந்தது. சாயங்காலம் ஆகிவிட்டது, இந்நேரம் எல்லோரும் எபிசோடைப் பார்த்திருப்பார்கள்.

ஐரின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக எழுத்துக் கூட்டினார். "ஓரன் வந்துட்டார்... நல்லா ஏமாத்துனீங்கண்ணே... நான் நெஜம்னே நம்பி அழுதுட்டேன்." நிறுத்தினார். "ஓரன் சாகல, ஓரன் சாகலன்னு போட்டிருக்காங்கம்மா. வந்துட்டே இருக்கு."

"இதோ அனுப்பிடறேன்க்கா" என்று தாரணி விரலைக் கொண்டுபோனாள்.

"இருங்க." ஐரின் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையை மட்டும் நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்ச நேரம் வரட்டும்."

தாரணி விரலை எடுத்துவிட்டாள். ஐரின் பிடியை விடவில்லை. மடியில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது, அவர் ஒவ்வொன்றாக, உதடு அசைய, படித்துக்கொண்டிருந்தார்.