ஆன்றோவின் உச்சிக்குழி

பிறக்கும்போதே உயிரில்லாமல் இருந்த ஆன்றோ, அடக்கம் செய்த ஒன்பதாம் நாள் காலையில் திரேஸ்புரத்து வீட்டுக்குத் திரும்பி வந்து, தன்னோடு பிறந்த ஜாக்சனின் தொட்டிலில் படுத்துக்கொண்டான். அது 2019 ஜூலை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பா ஜோன்ஸ், வேலைக்குக் கிளம்பும் நேரம். தொட்டில் கயிறு இரண்டு பேரைத் தாங்குமா என்று இழுத்துப் பார்த்தார். தாங்கும் என்று தெரிந்ததும் பஸ்ஸுக்குப் போனார்.

ஆன்றோ பால் குடிக்கவில்லை, கண் திறக்கவில்லை. ஆனால் ஜாக்சன் வளர வளர அவனும் வளர்ந்தான். ஜாக்சன் அழுதால் அவன் வாயும் திறந்துகொள்ளும், சத்தம் வராது. அவன் படுத்த பக்கம் துணி ஈரமாய்க் குளிர்ந்து கிடக்கும். தெருக்காரர்கள் ஒரு வாரம் வாசலில் கூடி நின்றார்கள். அப்புறம் சீலா மீன் விலை ஏறியது, அதைப் பேசப் போய்விட்டார்கள்.

ஜாக்சனின் தலை மட்டும் முன்னும் பின்னும் நீண்டு, இருபுறமும் ஒடுங்கி, வள்ளம் போல ஆகிக்கொண்டு வந்தது. கடல்காரப் பிள்ளைக்கு வேறெப்படி இருக்கும் என்று ஜோன்ஸின் அக்கா பிளாரன்ஸ் பெருமைப்பட்டாள். மூன்றாம் மாதம் வந்த நர்ஸ் முருகேஸ்வரி, டேப்பால் அளந்துவிட்டு ஜாக்சனின் உச்சியைத் தடவினாள். குழி இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு வரப்பு போல மேடாக ஓடியது. சந்தேகம் தீர, பக்கத்தில் கிடந்த ஆன்றோவின் உச்சியிலும் விரல் வைத்தாள். குளிர்ந்த தோலுக்குக் கீழே அது மெத்தென்று துடித்தது. விரலை எடுக்க அவளுக்குச் சற்று நேரமானது. செத்த பிள்ளைக்கு இருப்பது உயிரோடிருக்கிற பிள்ளைக்கு இல்லை, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள்.

குழந்தையின் மண்டையோடு பல துண்டுகளாக இருக்கும், மூளை வளர இடம்விட்டு மெல்லத்தான் ஒன்றுசேரும் என்று மதுரை டாக்டர் ஸ்கேனைக் காட்டிச் சொன்னார். ஜாக்சனுக்கு உச்சிப் பொருத்து முந்தியே மூடிவிட்டது. சீக்கிரம் ஆபரேஷன் செய்து திறக்க வேண்டும். தைராய்டு மாத்திரை உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா, வீட்டில் சிகரெட் உண்டா என்று கேட்டார். ஜோன்ஸின் கை தானாகச் சட்டைப்பையை மூடியது. அம்மா ஷெர்லின் சிறுவயதிலிருந்தே வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவள். அதுவும் கொஞ்சம் காரணமாகலாம், வயிற்றில் இரண்டு பிள்ளைகள் நெருக்கியதும் ஆகலாம், ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வருகிறது என்றார் டாக்டர்.

"இதுதான்னு ஒண்ணைச் சொல்ல முடியாதும்மா. மாத்திரையை நீங்களா நிறுத்தியிருந்தா உங்க உயிருக்கே ஆபத்து."

ஷெர்லினுக்குக் காரணம் என்று ஒன்று தேவைப்பட்டது. ஊர் திரும்பும்வரை மாத்திரை எடுத்த தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த ஒன்றைப் பிளாரன்ஸ் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"ஏளா, வயித்துக்குள்ள அவன் மிதிச்சதுலதான் இவன் மண்டை இறுகிப்போச்சு. சாமியார்ட்ட சொல்லி அவனை அனுப்பி வச்சிருவோம்."

ஷெர்லின் ஆன்றோ படுத்த பக்கத்து ஈரத்துணியை உருவிவிட்டு வேறு விரித்தாள்.

"உள்ள ரெண்டு பேருக்கும் இடம் காணல மதினி. அதுக்கு அவன் என்ன செய்வான்? இங்கன இடம் இருக்கு. கிடக்கட்டும்."

பிளாரன்ஸ் அதன்பின் சாமியார் பேச்சை எடுக்கவில்லை.

அக்டோபரில் ஆபரேஷன். தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் ஆன்றோவை மடியில் வைத்து, அவன் உச்சியில் விரல் வைத்தபடி ஷெர்லின் உட்கார்ந்திருந்தாள். பதினொன்று பத்துக்குத் துடிப்பு நின்றது. ஆன்றோ அன்றுதான் முதன்முதலாகக் கண் திறந்து, தியேட்டர் கதவைப் பார்த்தான். அவள் ஜோன்ஸைக் கூப்பிடவில்லை, ஜெபமும் வரவில்லை. விரலை மட்டும் எடுக்காமல் இருந்தாள். நாலு நிமிடம் கழித்துத் துடிப்பு மறுபடி வந்தது. உள்ளே ரத்தம் நிறையப் போய் நாடி விழுந்துவிட்டது, ரத்தம் ஏற்றிப் பிள்ளையை மீட்டோம் என்று டாக்டர் மத்தியானம் சொன்னார். அது எத்தனை மணிக்கு என்று அவள் கேட்கவில்லை.

ஜாக்சனின் தலை ஒரு வருடத்தில் உருண்டையாகிவிட்டது. காதிலிருந்து காதுவரை ஓடும் தழும்பை முடி மூடிவிட்டது. ஷெர்லின் மாத்திரையைத் தொடர்கிறாள். ஜோன்ஸ் சிகரெட்டை விட்டுவிட்டார். 2024 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு இரண்டு சீருடை தைத்தார்கள். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர்தான். டீச்சர் பெஞ்சில் இரண்டு பேருக்கு இடம் விடுகிறார். ஆன்றோவின் சட்டை அழுக்காவதில்லை. ஷெர்லின் சனிக்கிழமைதோறும் அதையும் துவைத்துக் காயப்போடுகிறாள்.