நகம் உட்பட

கடவுளைப் பற்றிப் பேசத் தகுதியுள்ள ஒரே உறுப்பு மூளைதான். கை, கால், தொண்டை, வயிறு எல்லாம் அந்த நேரத்தில் மரியாதையாக ஒதுங்கி நிற்க வேண்டும். பஞ்சும் பசையும் கைதட்டுப் பாட்டும் இல்லாத தூய மறைக்கல்வியை உலகத்துக்கு முதன்முதலில் தரப்போகிறவன் தான்தான் என்பதில் பொதுச்சங்கத்துக்குக் கடுகளவும் சந்தேகம் இருந்ததில்லை.

பொதுச்சங்கம் என்றால் கத்தோலிக்க ஆயர்கள் கூடும் சபை என்று நினைத்துவிட வேண்டாம். இறையியலும் மறைக்கல்வியும் முதுகலை படிக்கும் ஓர் இளைஞனுக்கு வகுப்பு வைத்த பெயர் அது. அவன் தனியாகக் கூடுவான், தனியாக விவாதிப்பான், தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றுவான், மாற்றுக் கருத்து உள்ளவர்களைச் சபையிலிருந்து விலக்கி வைப்பான். எல்லாம் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

உலகத்தில் பெரும்பாலான சங்கதிகள் அவனுக்குக் குமட்டின. நூலகத்தில் ஈரக் குடையும் பழைய சாக்ஸும் கலந்த வாடை குமட்டியது. எந்தக் கேள்விக்கும் "அது ஒரு பயணம்" என்று பதில் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்ளும் கருத்தரங்குப் பேச்சாளர்கள் குமட்டினார்கள். ஆனால் குமட்டலின் கோபுர உச்சியில் இருந்தது பசையக்கா.

பசையக்கா அதே வகுப்பில் படித்தவள். மழலையர் பள்ளியில் சில வருஷம் பாடம் நடத்திவிட்டு, அங்கே பிள்ளைகள் வைத்த இந்தப் பெயரோடு மேற்படிப்புக்கு வந்தவள். எங்கே போனாலும் ஒரு பை நிறையப் பஞ்சு, வண்ணத்தாள், பசை டப்பா. விதி அவளை அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தது. ஒருநாள் அவன் தன் புத்தகத்தில் மூவொரு கடவுள் பற்றிய அத்தியாயத்தைத் திறந்தால் மூன்று தாள்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன.

"பாருங்க தம்பி, மூணும் ஒண்ணாயிடுச்சு. இனிமே பரீட்சைக்குப் படிக்கவே வேண்டாம்" என்றாள் பசையக்கா, கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

அவள் குழந்தைகளுக்குக் கற்றுத்தரும் காணாமல்போன ஆட்டின் பாட்டை அவன் கேன்டீனில் நடித்துக் காட்டுவான். காதுமடல், மே என்ற கத்தல், இடுப்பை நெளித்து வாலாட்டல், எதுவும் விடுபடாது. பார்ப்பவர்களுக்கு டீ மூக்கு வழியாக வரும். "இதுக்கு முதுகலைப் பட்டம், கேட்டா வெக்கக்கேடு" என்று முடித்துவிட்டு உட்காருவான்.

பட்டத்துக்கு ஒரு செய்முறைத் தேர்வு இருந்தது. ஆளுக்கொரு பங்குக் கோயிலில், பூசையில் தரும் மெல்லிய அப்பத்தை முதல்முறையாக வாங்கப் போகும், அதாவது முதல் நற்கருணை வாங்கப் போகும் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்க வேண்டும். அதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. எழுதி வைத்திருக்கும் ஆய்வேடு கதவுக்கு முட்டுக் கொடுக்க மட்டும் உதவும்.

அவனுக்குக் கிடைத்த வகுப்பில் முன்பல் விழுந்த ஒரு சிறுமி இருந்தாள். எதைச் சொன்னாலும் கை தூக்குவாள். பழைய இறையியல் நூல்களில் ஒவ்வொரு கட்டுரைக்கும் முன்னால் மறுப்பு எழுப்பிக்கொண்டு ஒருத்தர் நிற்பாரே, அந்த மாதிரி. அவன் மனதுக்குள் அவளுக்கு எதிர்வாதி என்று பெயர் வைத்தான்.

"பாக்க அப்பம் மாதிரி இருக்கும், ருசியும் அப்பம் மாதிரி. ஆனா பூசையில அதோட உட்பொருள் முழுசா மாறிடுது. தோற்றம் மட்டும்தான் மிச்சம்" என்று தொடங்கினான்.

எதிர்வாதி கை தூக்கினாள். "மாறி என்னவா ஆகுது சார்?"

"இயேசுவோட உடலா."

"உடம்புல எந்த எடம்?"

"முழு உடலும்."

"இத்துனூண்டு அப்பத்துலயா?"

"அதுல உடைஞ்ச ஒவ்வொரு துணுக்குலயும்."

"காலும் இருக்குமா?"

"இருக்கும்."

"கால் நகம்?"

இந்த இடத்தில் சாதாரண மனுஷன் யாராக இருந்தாலும், "சரி, எல்லாரும் ஒரு பாட்டுப் பாடலாமா?" என்று நழுவியிருப்பான். பொதுச்சங்கம் மனதுக்குள் கனமான புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தான். எலும்பு, நரம்பு, உடலுக்கு உரியது எதுவும் விலக்கல்ல. உண்மையைக் குழந்தைக்காகக் குறைத்துச் சொல்வது கோழையின் வேலை.

"நகமும்தான்" என்றான்.

வகுப்பு யோசித்தது. கடைசி வரிசையில் ஒருவன் "உவ்வே" என்றான். பக்கத்தில் இருந்தவள் வாயைப் பொத்தினாள். பொத்தியது பலிக்கவில்லை. ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்தி, அவளைப் பார்த்து இரண்டு பையன்கள், கடைசியில் முன்வரிசைக் குண்டுப் பையன், அவன் நேராகப் பொதுச்சங்கத்தின் ஷூவைக் குறி பார்த்து. காலையில் தின்ற பிஸ்கட்டின் தோற்றம் அதில் அப்படியே இருந்தது. உட்பொருளை ஆராய அவனுக்கு மனம் வரவில்லை.

விஷயம் பேராசிரியர் காதுக்குப் போனது. மூச்சு விடும்போதுகூட மேற்கோள் காட்டுவதால் அந்தக் குருவானவரை மாணவர்கள் அடிக்குறிப்பு என்று அழைப்பார்கள்.

"நீ சொன்னதுல ஒரு வார்த்தை தப்பில்லப்பா" என்றார். "கோட்பாட்டுக்கு முழு மார்க் போட்டுட்டேன்."

"நன்றி ஃபாதர்."

"ஆனா வாந்திக்கு எந்தப் பத்தியில மார்க் போடுறதுன்னு தெரியல. பிள்ளைங்க யாரும் வாய திறக்க மாட்டேங்குதுன்னு பெத்தவங்க பங்குத்தந்தை கிட்டச் சண்டைக்கு வர்றாங்க. சனிக்கிழமை ஒத்திகைக்கு நானே வரேன். அதுங்க ஒழுங்கா வாய திறந்து வாங்கினா நீ பாஸ். இல்லன்னா அடுத்த வருஷம் மறுபடி பார்க்கலாம்."

வெளியே வந்தபோது பசையக்கா காத்திருந்தாள். "நான் வேணா வரட்டுமா தம்பி? ரெண்டு பாட்டு, கொஞ்சம் பஞ்சு, கத முடிஞ்சிடும்."

"வாந்தி துடைக்கிறதுக்குன்னா வாங்க. பஞ்சு நல்லா உறிஞ்சும்."

"வாய் மட்டும் கொறையவே மாட்டேங்குது" என்று சிரித்துக்கொண்டே போனாள். அவள் விரலிடுக்கில் காய்ந்த பசை தோல் உரிந்த மாதிரி தொங்கியது. அவனுக்கு உடம்பு கூசியது.

அடுத்த வகுப்பில் கோட்பாட்டின் மீதிப் பாதியைச் சொல்லிச் சரிசெய்யப் பார்த்தான். "பல்லுல கடிபடுறது வெறும் தோற்றம்தான். அவருக்கு வலிக்கவே வலிக்காது" என்றான். வலிக்கும் என்கிற யோசனை அதுவரைக்கும் யாருக்கும் வந்திருக்கவில்லை. இப்போது வந்தது. பாதி வகுப்பு அழுதது.

சனிக்கிழமை ஒத்திகைக்கு ஒரு தட்டில் அர்ச்சிக்காத வெறும் அப்பங்கள் வந்தன. பிள்ளைகள் உதட்டைப் பசை போட்டு ஒட்டிய மாதிரி வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

"இது வெறும் மாவுதான்டா. இன்னும் ஒண்ணும் மாறல" என்றான்.

குண்டுப் பையன் உதட்டோரமாகப் பேசினான். "அவ தின்னாதான் நாங்க தின்போம்."

"எங்க அவ?"

எல்லா விரல்களும் பூசை உடுப்பு வைக்கும் அறையைக் காட்டின. அங்கே பெரிய மேசைக்கு அடியில், தொங்கும் துணிக்குப் பின்னால் எதிர்வாதி ஒளிந்திருந்தாள். பொதுச்சங்கம் கையில் ஓர் அப்பத்தோடு மண்டியிட்டான், பிறகு தவழ்ந்தான். உள்ளே மெழுகு அழுக்கு, மல்லாந்து செத்த கரப்பான், மேசையின் அடிப்பலகையில் பல தலைமுறை ஒட்டி வைத்த சூயிங்கம். இன்னும் ஈரமாக ஒன்று இருந்தது. அது கம் அல்ல என்று தோன்றியது. மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"வெளிய வாம்மா."

"மாட்டேன்."

"நகத்துக்காகவா? அத நான் இன்னொரு தடவ தெளிவா..."

"ஐயோ, நகம் இல்ல சார்." அவள் குரல் இறங்கியது. "மேல ஒட்டிக்குமாம். எங்க அக்காவுக்கு ஒட்டிக்கிச்சாம். வெரல விட்டு எடுக்கவும் கூடாதாம். அப்படியே ஒட்டிக்கிட்டிருந்தா நான் என்ன பண்றது?"

வாயின் மேலண்ணம் பற்றி எந்தச் சங்கம் என்ன தீர்மானம் போட்டது என்று அவன் தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை.

"எச்சில் ஊறினா தானா எறங்கிடும். கொஞ்சம் வாய திறந்து பாரேன்."

அவள் முயன்றாள். வாய் திறக்கவில்லை. கண்ணில் நீர் கட்டியது. "வர மாட்டேங்குது சார்."

"எப்ப வரும்?"

"சிரிச்சா வரும். சிரிக்க வைங்க."

"நானா?"

"ஆட்டுப்பாட்டு பாடுங்க. எங்க அக்காவோட சின்ன கிளாஸ்ல பசையக்கா பாடுவாங்களாம்."

"எனக்குத் தெரியாது."

"மூஞ்சியிலயே தெரியுது. பொய் சொன்னா நாளைக்கு அப்பம் வாங்கக் கூடாது சார். நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

துணியின் கீழ்விளிம்புக்கு அப்பால், கதவருகே, பளபளப்பான கறுப்பு ஷூக்கள் வந்து நின்றன. பேராசிரியருடையவை. யாரிடமோ நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தப் போன பொதுச்சங்கத்தின் முடியில் அந்த ஈரமான ஒன்று ஒட்டிக்கொண்டது. அது என்னவென்று தொட்டுப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

அவன் அப்பத்தை ஒரு கையில் பத்திரமாகப் பிடித்தான். மறுகையைக் காதோரம் வைத்து மடலாக மடித்தான். மேசைக்கு வெளியே ஓர் எறும்புக்கும் கேட்காத குரலில், "குட்டி ஆடு, குட்டி ஆடு, எங்க போன நீ?" என்று தொடங்கினான்.

எதிர்வாதியின் உதடு ஒரு பக்கமாக இளகியது. விழுந்த பல்லின் ஓட்டை தெரிந்தது. இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டியிருந்தது.

"மே" என்றான் பொதுச்சங்கம். மேசைக்கு அடியில் இடம் போதவில்லை. இருந்தாலும் இடுப்பை நெளித்து வாலை ஆட்டினான்.