ஏரியில் அள்ளிய பூந்தூள்

வரட்டும், நாளைக்கு வரட்டும், சியோலிலிருந்து காரில் வந்து இறங்கி, ஒரு பாத்திரத்தைக்கூடத் தொடாமல், அக்கா உங்க கைப்பக்குவம் யாருக்கு வரும் என்று கொஞ்சிக்கொண்டே ஒன்றுக்கு இரண்டாக எடுத்து வாயில் போட்டுக்கொள்ளட்டும்... மல்ஜா சுரைக்குடுக்கையைச் சாய்த்துப் பிடித்து, ஏரிக்கரையோரம் ஒதுங்கிக் கிடந்த மஞ்சளை மெதுவாக வழித்து வாளியில் விட்டாள். காற்று தெற்கிலிருந்து அடித்ததால் மலையின் பைன் பூந்தூள் முழுக்க இந்தக் கரைக்குத்தான் வந்து சேர்ந்திருந்தது, நேற்றுப் பெய்த தூறலில் இன்னும் கெட்டியாகியிருந்தது. அதில் வாத்து இறகு இருந்தது, எடுத்து எறிந்தாள், சிகரெட் துண்டு இருந்தது, அதையும் எறிந்தாள், மீன்பிடிக்க வருகிறவர்கள் கொட்டிய இரைமாவும் வாத்துகள் போட்டதும் இருந்திருக்கும், அதை எடுக்கவில்லை, அது இருக்கட்டும், அது ஹேரனுக்கு. கொழுந்தன் பெண்டாட்டி, வீட்டுக்கு வந்த இரண்டாவது மருமகள், அவளுக்கு ஒன்றும் செய்யாமல் அனுப்பினால் நன்றாகவா இருக்கும்?

முறைப்படி இது மரத்திலிருந்து வரவேண்டியது. பூக்கதிர் வெடிப்பதற்குச் சற்று முன்னால், நசுக்கினால் விரலில் மஞ்சள் ஒட்டுகிற பதத்தில் ஒடித்து வந்து, விரிப்பில் காயவைத்துத் தட்டி, அகலத் தொட்டித் தண்ணீரில் தூவினால் மண் அடியில் போகும், பூந்தூள் மிதக்கும், அதை வழித்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கசப்பு போகும்வரை அலசி, காகிதத்தில் உலர்த்தி, தேனில் பிசைந்து மர அச்சில் அழுத்தினால் தாசிக் என்கிற இனிப்பு வில்லை. இந்த வீட்டில் திதிக்குப் படையல் வைக்கிற மேசையில் அது இல்லாமல் இருந்ததில்லை. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து மல்ஜாதான் மலையேறுகிறாள், ஒற்றையாக. இந்த வருஷம் ஹேரன் போனில், நானும் வரேன்கா, சொல்லிக் குடுங்க, என்றாள். வரமாட்டாள் என்று தெரியும். தெரிந்தும் மல்ஜா காத்திருந்தாள், மரம் பதத்துக்கு வந்ததைப் பார்த்தும் காத்திருந்தாள்... எதற்கு? நீ வரேன்னு சொன்னே, வரலை, உன்னாலதான் போச்சு, என்று ஒரு வாட்டி முகத்துக்கு நேரே சொல்வதற்கு. அந்த ஆசைக்குத்தான். காற்று யாருக்குக் காத்திருக்கும், ஒரே பகலில் மலை மஞ்சளாகப் புகைந்தது, சோயா ஜாடி மூடிகள், காயப்போட்ட துணி, ஜன்னல், எல்லாவற்றிலும் படிந்தது, கதிர் வெறும் சக்கையாகிவிட்டது. சரி, போகட்டும், ஏரியில் கிடக்கிறதே, இதுவும் அதே பூந்தூள்தானே.

அதையாவது சொல்ல விட்டாளா? முந்தாநாள் அவளே போன் செய்தாள், தேனாகக் குழைந்துகொண்டு. அக்கா, இந்தத் திதியோட அங்க நடக்கிறது முடிஞ்சிரட்டும், அடுத்த வருஷத்துலேர்ந்து எல்லாம் எங்க வீட்ல, எங்க பையன் கையால, உங்களுக்கும் வயசாகுதில்ல. யாரு முடிவு பண்ணது, என்று கேட்டாள் மல்ஜா. பெரியவரே சொல்லிட்டுத்தான் போனாரு, ஆஸ்பத்திரியில வச்சு. அக்காகிட்ட இப்போ சொல்லவேணாம், மனசு சங்கடப்படும்னாரு. பெரியவர் என்றால் தொக்சு. மல்ஜாவின் புருஷன். மாமனார், மாமியார், பேர் தெரியாத பழைய பெரியவர்கள், எல்லாருக்கும் முதுகொடிய அவள் மேசை போட்டாள், அவர் போனபிறகு அவருக்கும் போட்டாள். பிள்ளை பெறாதவள் என்று ஊர் சொன்னபோதெல்லாம், அந்த மேசை என்னுடையது என்று சொல்லிக்கொண்டுதான் நிமிர்ந்து நடந்தாள். அதையும் எடுத்துத் தம்பி பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்... இல்லை, அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார், அந்தச் சிறுக்கி தலையணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வைத்திருப்பாள், அவள்தான், எல்லாம் அவள்தான். குடுக்கை வாளி விளிம்பில் ணங்கென்று இடித்தது.

என்னக்கா, ஏரியையே கூட்டிப் பெருக்குறீங்களா, என்று மேட்டிலிருந்து ஒரு குரல். பக்கத்து வீட்டு ஒக்சுன், பச்சைவெங்காயக் கட்டோடு. தோட்டத்துக்கு உரம்டி, என்றாள் மல்ஜா. உரமா? ஒக்சுன் எட்டி வாளியைப் பார்த்தாள். நான்கூட நாளைக்கு அண்ணன் திதிக்குத்தானோன்னு பயந்துட்டேன், பாவம், உசுரோட இருந்தப்போதான் வச்சதை வாய் தொறக்காமத் தின்னாரு, போயுமா... என்று சிரித்தாள். போடி, உன் வேலையைப் பாரு. ஒக்சுன் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவளுக்கு எதைச் சொன்னாலும் சிரிப்புத்தான், நாக்கை இழுத்து வைத்து அறுக்கவேண்டும்.

ஆனால் குடுக்கை தண்ணீர்மேல் அப்படியே நின்றது. நாளைக்கு என்ன நடக்கும்? ஊதுபத்தி ஏற்றுவார்கள், மது வார்ப்பார்கள், சோற்றில் கரண்டியைக் குத்தி வைப்பார்கள், தாசிக் தட்டு முன்வரிசையில் இருக்கும். பிறகு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, உள்ளே அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று தலைகுனிந்து நிற்பார்கள். செருமிவிட்டுத்தான் திரும்ப உள்ளே போவார்கள். அதற்கப்புறம்தான் உயிரோடு இருப்பவர்களுக்குப் பங்கு, ஹேரனுக்கும் அப்புறம்தான். முதல் வாய் அவருக்கு. இது அவளுக்குத் தெரியாததா? இத்தனை வருஷம் அந்தக் கதவைச் சாத்தியவளே அவள்தானே. வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கும்போது இது ஞாபகம் வரவில்லையா... வந்ததா?

கொட்டிவிடலாம். கடையில் வாங்கி வைத்துவிடலாம், பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். மல்ஜா வாளியைச் சரித்தாள், கொஞ்சம் மஞ்சள் தண்ணீர் காலில் வழிந்தது, நிமிர்த்திவிட்டாள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் குழம்பு வைத்தாள், என்னதான் சொல்கிறார் பார்ப்போமே என்று. தலை நிமிராமல் தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை, கடைசியில் மேசையைத் தூக்கிக் கொடுத்தபோதும் அவளிடம் ஒரு வார்த்தை இல்லை, தம்பியிடம் சொல்ல வாய் இருந்தது. குடுக்கை மறுபடியும் தண்ணீரில் இறங்கியது. நாளைக்குக் கதவுக்கு வெளியே எல்லாரும் தலைகுனிந்து நிற்பார்கள், அவள் மட்டும் காதைக் கதவில் வைத்திருப்பாள். கசக்குதுடி மல்ஜா என்று ஒரு வார்த்தை, அது போதும், மேசையை யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகட்டும்... அதையும் வாய் திறக்காமல் தின்றுவிடுவாரோ என்றுதான் இப்போது அவளுக்குப் பயமாக இருந்தது.